காஜா அட்டாச்மென்ட்டும் ஓர் ஊசி முனையும்

நான் வேலை பார்த்த தையல் நிலையத்தில் இப்போது மெக்கானிக்காக இருப்பவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. பழைய காஜா அட்டாச்மென்ட் பத்தி. நிலையத்துல ஆட்டோமேட்டிக் மெஷின் வந்துட்டுது. ஆனா பொண்ணுங்க போன்ல பாத்து, பழைய இரும்புக் கடையில தேடி, இத வாங்கிக்கினு வந்து எப்படி மாட்றதுன்னு கேக்குதுங்க. எனக்கு இன்னா தெரியும்?"

சரி என்றேன். மாட்டும் முறை, ஓட்டும் முறை, எண்ணெய் விடும் இடம் என்று இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என நினைத்தேன். ஆனால் அந்த வாரத்திலேயே என் மகள் ஜெனி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஒரே வார்த்தையில் பொய் சொன்னேன். அன்று தன் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியவள் இன்னும் திறக்கவில்லை. ஆகையால் இது இரண்டு பக்கத்தில் முடியாது.

ஜெனிக்கு இருபத்தாறு வயது. கல்லூரி முடித்துவிட்டு எங்கள் வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்குத் துணி தைக்கிறாள். நான் ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த கால் மெஷினும் பித்தான் துளை தைக்கும் பழைய காஜா அட்டாச்மென்ட்டும் அவளிடம்தான் இருக்கின்றன. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் ஞானஸ்நானத்துக்குக் கவுன் தைக்கக் கொடுத்திருந்தது. சனிக்கிழமை வந்து வாங்கிப் போனார்கள். ஞாயிறு காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். குண்டூசிக் கிண்ணத்தில் ஒடிந்த ஊசி இரண்டு துண்டாகக் கிடந்தது. முனை மட்டும் இல்லை.

"எப்ப ஒடஞ்சிது?"

"கவுனுக்கு காஜா எடுக்கும்போதுப்பா. முனை கெடைக்கல. எங்கனா தரையில வுழுந்திருக்கும்."

அதற்குமேல் நான் அவளைப் பேச விடவில்லை. பைக்கை எடுத்தேன், அவளும் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள். கோவிலுக்குள் நுழைந்தபோது குழந்தை கவுனோடு தாயின் கையில் இருந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் ஜெனியை விட்டே அந்தத் தாயிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்து, கவுனைக் கழற்றி வாங்கினோம். மடிப்பு மடிப்பாகத் தடவினேன், கையோடு கொண்டுபோயிருந்த காந்தத்தை ஓட்டினேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அட்டாச்மென்ட்டைப் பிரித்தால், துணியைப் பிடிக்கும் தாடைக்குள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு முனை இருந்தது.

அன்று அவளைத் திட்டியதைப் போல என்றைக்கும் திட்டியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "நீங்க சர்வீஸ்ல ஒரு வாட்டிகூட இப்படி வுட்டதில்லையாப்பா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல" என்றாள். உறையைப் போட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. இன்னமும் பஸ்ஸில் ஏதாவது குழந்தை அழுதால் என் கண் அதன் சட்டைப் பித்தானுக்குத்தான் போகிறது. இனி உள்ளதை எழுதுகிறேன்.

நான் சின்னசேலத்துக்காரன். ஐ.டி.ஐ. படித்தேன். சேலத்தில் ஒரு மெஷின் கடையில் மூன்று வருடம் மசகும் மண்ணெண்ணெயுமாக இருந்தேன். பிறகு கள்ளக்குறிச்சியில் பெண்கள் தைக்கும் இந்த நிலையத்துக்கு மெக்கானிக்காக வந்தேன். இருபத்துநாலு கால் மெஷின்கள். அதில் ஆறு மெஷினில் காஜா அட்டாச்மென்ட். ஏதோ ஒரு கன்னியர் மடத்தில் பழசாகிக் கிடந்தவற்றை நிலையம் வாங்கியிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் இரும்புப் பெட்டி. பார்த்தால் பூட்டு மாதிரி இருக்கும்.

மெக்கானிக் தம்பி கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியைத் தள்ளும் பல்லின் மேல் ஒரு தகட்டைப் போட்டு மூட வேண்டும். இனி துணியை நகர்த்தும் வேலை அட்டாச்மென்ட்டுடையது. அதன் அடிமூடியைத் திறந்து, பித்தான் அளவுக்குத் தக்க இரும்பு அச்சை உள்ளே வைக்க வேண்டும். பாதம் இருந்த இடத்தில் அட்டாச்மென்ட்டை முடுக்கி, அதன் கவட்டைக் கம்பியை ஊசியைப் பிடித்திருக்கும் திருகின் மேல் கோக்க வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது கவட்டையும் ஏறி இறங்கும். உள்ளே சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். துணி இடமும் வலமும் ஆடிக்கொண்டே அச்சின் வடிவத்தில் ஒரு சுற்று வந்து நிற்கும்.

முதல் சுற்றில் தையல் சல்லடையாக இருக்கும். கவலைப்பட வேண்டாம். இரண்டாவது சுற்றில்தான் நிறையும். பிறகு காஜாவின் இரண்டு கோடியிலும் குறுக்கே குண்டூசி குத்திவிட்டு நடுவில் பிளேடால் கீற வேண்டும். குண்டூசி குத்தச் சோம்பினால் பிளேடு கோடித் தையலையும் தாண்டி ஓடிவிடும். அந்தச் சட்டை போனதுதான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஊசித் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்தாலும் கவட்டை சாயும். சாய்ந்தால் ஊசி வளையும், தகட்டில் மோதி ஒடியும். அதனால் ஒவ்வொரு சட்டைக்கும் முன்னால் திருகை முடுக்கிப் பார்த்து, மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். ஆறு மெஷினும் ஒன்றாக ஓடும்போது கூடம் முழுக்க 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தம் இருக்கும். அதில் ஒன்று பிசகினாலும், நான் கண்ணை மூடிக்கொண்டே எந்த மெஷின் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி டீ குடித்த நாட்களைப் போல வாழ்க்கையில் வேறு நல்ல நாட்கள் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நிலையத்துக்குச் சூப்பர்வைசர் தமயந்தி அம்மா. தினமும் உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சாதாரணமாக என்னை "சவரி, இத பாரு" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சவரி, கொஞ்சம் இங்க வாங்க" என்று கேட்டால் போதும், பெண்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். "அம்மா 'ங்க' போட்டுட்டாங்கடி. இன்னிக்கு மிஷின்காரரு காலி."

தைத்து வந்த சட்டையை அவர் கண்ணால் மட்டும் பார்த்து விடமாட்டார். ஒரு பித்தானை ஒரே கையால் போடுவார், ஒரே கையால் கழற்றுவார். அடுத்த பித்தானுக்குப் போவார். "மலைப் புள்ளைங்க ஒரு கையில தட்ட வச்சிக்கினு இன்னொரு கையாலதான் சட்டை போடும். மூணாவது கை ஏது அதுங்களுக்கு?" என்பார். எங்கள் சட்டைகளில் பாதி கல்வராயன் மலையின் விடுதிகளுக்குத்தான் போயின.

ஊசி விஷயத்தில் அவர் வைத்திருந்த வழக்கம் வேறு எங்கும் நான் பார்க்காதது. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஊசி உருவத்துக்கு வரிசையாகப் பசை டேப்பால் ஒட்ட வேண்டும். பக்கத்தில் மெஷின் எண், தைத்தவர் பெயர். நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் அவர். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினில் அன்று தைத்த ஒரு சட்டையும் வெளியே போகாது. இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஊசிக் காகிதம்.

இருபத்திரண்டு வருடம் முன்பு, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம். வெள்ளிமலைப் பக்கம் ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்கு இருநூறு சட்டை. மாலை ஐந்து மணி. லாரி வாசலில் நிற்கிறது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பூங்காவனம் என்னைக் கூப்பிட்டாள். காஜா எடுப்பதில் அவள்தான் கெட்டிக்காரி.

"அண்ணா, தோ பாரு. முனைய மட்டும் காணோம். மூணு வாட்டி பெருக்கிட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லு."

"சொன்னா மூட்டைய பிரிக்கச் சொல்லும். என் சட்டை எது, மத்தவங்க சட்டை எதுன்னு இனிமே யாரு பிரிப்பா?"

பக்கத்து மெஷின்காரி இதைக் கேட்டுவிட்டாள். "இவ ஊசிய ஒடப்பா, நாங்க வூட்டுக்குப் போவக்கூடாதா? எம்புள்ளைங்க கதவுல சாஞ்சிக்கினு நிக்கும்."

பூங்காவனம் அழுதுவிட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது மட்டும் இல்லை. அன்று காலை அந்த மெஷினின் திருகை நான் முடுக்கிப் பார்க்கவில்லை. பிரித்தால் அதுவும் வெளியே வரும்.

பழைய ஊசிக் காகிதங்கள் என் அலமாரியில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒரு முனையை உரித்தெடுத்தேன். பூங்காவனத்தின் காகிதத்தில் ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

தமயந்தி அம்மா பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பொருந்துதா, சவரி?"

"பொருந்துதும்மா."

அவரும் கையெழுத்துப் போட்டார். லாரி போய்விட்டது.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் ஜெனிக்குப் புதுக் கவுன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு நாலு வயது. "அப்பா, குத்துது" என்றாள். பார்த்தால் கழுத்தில் லேஸின் மொடமொடப்பு, அவ்வளவுதான். ஆனால் மலைக்குப் போன சட்டைகள்தான் எனக்கு நினைவில் வந்தன. சாப்பிடாமல் நிலையத்துக்குப் போனேன். தமயந்தி அம்மாவின் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை.

"வெள்ளிமலைக்கு மொத பஸ் எத்தன மணிக்குங்க?" என்றார்.

மறுநாள் காலை கச்சிராயப்பாளையம் வழியாக மலையேறினோம். என் பையில் ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தமும், மாற்றிக் கொடுக்க நாலைந்து சட்டையும் இருந்தன. மேலே தூறல். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள்.

சமையல்காரர், "குடுத்து மூணு நாளு ஆவல, அதுக்குள்ள புடுங்க வந்துட்டீங்களா?" என்றார்.

"அளவு சரியான்னு பாக்கறோம்" என்றேன்.

நான் ஒவ்வொரு சட்டையாகக் காந்தத்தை ஓட்டிக் கொடுப்பேன். தமயந்தி அம்மா பித்தான் பட்டியை இரண்டு விரலால் நீவி, ஒரே கையால் பித்தானைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தந்தப் பிள்ளையிடம் கொடுப்பார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது சட்டை பார்த்தோம். மதியம் தாண்டிவிட்டது. ஒன்றிலும் இல்லை. வேலு என்ற பையன் மட்டும் புதுச் சட்டையைக் காட்டுவதற்காக முந்தின நாள் வீட்டுக்குப் போயிருந்தான். வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், நாலு மைல்.

அம்மாவுக்கு முட்டிவலி. சமையல்காரரை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் நடந்தேன்.

வேலு ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். வாசலில் அவன் தங்கை நின்றாள். ஜெனி வயதுதான் இருக்கும். அண்ணனின் சட்டையைப் போட்டிருந்தாள். அது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள்.

தாய் சொன்னாள்: "நேத்துலேர்ந்து எறும்பு கடிக்குது, எறும்பு கடிக்குதுன்னு அழுவுது. கழட்டுன்னா கழட்ட மாட்டேங்குது. நானும் ஒதறி ஒதறிப் பாத்துட்டேன், ஒரு எறும்பக்கூட காணோம்."

குழந்தையைக் கெஞ்சிச் சட்டையைக் கழற்றினேன். மூன்றாவது காஜா ஓரத்தில் என் கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது. பட்டியின் இரண்டு மடிப்புக்கும் நடுவில், கூர்முனை உட்பக்கம் பார்க்க இருந்தது. குழந்தையின் நெஞ்சில் சிவப்பாக நாலைந்து கீறல். மேலே மஞ்சள் பூசியிருந்தார்கள். யாராவது அவளைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கி அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிலிருந்து எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

"எறும்புதானே?" என்றாள் தாய்.

"ஆமாம்மா. எறும்பாத்தான் இருக்கும்" என்றேன். வேறு சட்டையைக் கொடுத்துவிட்டு, இதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இறங்கும் பஸ்ஸில் தமயந்தி அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முனையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மலை முடியும் இடத்தில் சொன்னார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், சவரி. முனை கறுத்து இருந்துது. மத்த துண்டெல்லாம் வெள்ளையா இருந்துது. லாரி நிக்குதேன்னு நானும் வுட்டுட்டேன்."

திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பொய் முனையை உரித்துவிட்டு உண்மையான முனையை நானே ஒட்ட வேண்டும். நடந்ததைக் கீழே என் கையால் எழுத வேண்டும். எழுதினேன். அதற்கும் கீழே, தெரிந்தே கையெழுத்துப் போட்டதாக அவர் தன் கையால் எழுதினார். அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு ஒரு மெமோ, அவருக்கு ஒரு மெமோ. பூங்காவனத்தின் பெயரை இரண்டு பேருமே எழுதவில்லை. தான் ஓய்வு பெறும்வரை அவர் என்னை "வாங்க, போங்க" என்றே பேசினார். ஒரே ஒரு தடவை, விடைபெறும் நாளில், "சவரி, திருக பாத்துக்கோ" என்றார்.

இதுவரை எழுதியதை ஜெனியிடம் கொடுத்தேன். மலருக்குத் தட்டச்சு செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மெஷின் உறையின் மேலேயே காகிதங்களைப் பரப்பிவைத்துப் படித்தாள்.

"இல்லன்னு சொன்னீங்களேப்பா."

"சொன்னேன்."

"மூணு வாரமா நான் எப்படி இருந்தேன்னு தெரியுமா? எங்கப்பா ஒரு தப்பும் பண்ணாத ஆளு, அவருக்குப் போய் நான் பொறந்தேனேன்னு..."

அவள் இன்னொரு முறை கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"மூங்கில்துறைப்பட்டுல அந்தக் கொழந்தையோட அம்மாகிட்ட என்னையே வுட்டு சொல்ல வச்சீங்க. மன்னிப்புக் கேக்க வச்சீங்க. மலையில அந்தம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"இன்னி வரைக்கும்?"

"இல்லம்மா."

"அப்ப இத நான் டைப் அடிக்க மாட்டேன். போய் சொல்லிட்டு வாங்க. அப்புறம் இதையும் அடிக்கறேன், மெஷின்லயும் உக்கார்றேன்." கொஞ்சம் பொறுத்து, "தனியா போனா ஊர் சுத்திப் பாத்துட்டு வந்துடுவீங்க. நானும் வரேன்" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை போனோம். இப்போது அந்த ஊர்வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. வீடு மாறியிருந்தது, வேலுவின் அம்மா என்றதும் காட்டினார்கள். மரவள்ளிக் கிழங்கை வாசலில் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளைகள் என்றாள். சட்டை மாற்றிக் கொடுக்க வந்தவன் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது.

நின்றபடியே சொன்னேன். எறும்பு இல்லை, ஊசி முனை, தொலைந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அனுப்பினேன், அன்று இதே வாசலில் உங்களிடமும் மறைத்தேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவள் என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அய்யய்யோ" என்றாள். "அன்னிக்கு எம்பையன அடிச்சேனே."

"எதுக்கும்மா?" என்று கேட்டது ஜெனி.

"சட்டைய எறும்புப் புத்து மேல போட்டு வச்சிட்டான்னு. நீங்க போன பின்னாடி, ஆட்ட ஓட்டிக்கினு வந்தான். வெளக்குமாத்தாலயே அடிச்சேன். இல்லம்மா, நான் கீழ போடவே இல்லம்மான்னு கத்தனான். ஆபீசரே எறும்புன்னு சொல்லிட்டுப் போறாரு, நீ பொய்யா சொல்றன்னு இன்னும் ரெண்டு போட்டேன்."

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். வேலு இப்போது லாரி ஓட்டுகிறானாம். நாலைந்து தடவை மணி அடித்தபின் எடுத்தான். ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"இன்னாம்மா? வண்டில கீறேன்."

"டேய், வண்டிய ஓரமா நிறுத்து. நீ சட்டைய புத்து மேல போடலியாம்டா."

"எந்த சட்டை?"

"ஆஸ்டல்ல மொத மொத குடுத்தாங்களே, பாப்பா போட்டுக்கினு அழுதுதே, அந்த சட்டை."

இன்ஜின் சத்தம் நின்றது.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றான். அப்புறம், "இப்ப யாரு வந்து சொன்னது?"

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கினேன்.

"தம்பி, நீ அன்னிக்கு அடி வாங்கினது என்னாலதான்" என்று ஆரம்பித்தேன்.